கடலிடம் பேரம் பேசியவள்

அந்தப் புத்தகத்தால் நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டது ஒரு தடவை மட்டும் அல்ல. ஜெலுத்தோங்கில் பஸ் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பக்கத்தைப் புரட்டத் தொடங்கினால், நிமிரும்போது கடைசி நிறுத்தமான ஜெட்டி வந்திருக்கும். பஸ் காலியாகிவிட்டிருக்கும். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஃபெர்ரி பிடிக்க வந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி, வெயிலில் வந்த வழியே திரும்பி நடப்பேன். நடக்கும்போதும் படிப்பேன். கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிள்களில் இடித்து இடித்து முழங்கால் கன்றிப்போனதுதான் மிச்சம்.

புத்தகம் கிடைத்தது வேலை செய்யும் இடத்தில். பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தும் சின்ன ஹோட்டல் அது. நான் அங்கே முன்மேசையில் இருக்கிறேன். அறையைக் காலி செய்யும் வெள்ளைக்காரர்கள் படித்து முடித்த புத்தகங்களைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரியில் அடுக்கி வைப்போம். இது எங்கேயோ நனைந்து, காய்ந்து, உப்பிப்போன ஆங்கில நாவல். முன்னட்டை பாதி இல்லை. கையில் எடுத்தால் செங்கல் கனம்.

மாயாஜாலக் கதை என்றாலே எனக்கு ஆகாது. எங்கிருந்தோ ஓர் அநாதைப் பையன் வருவான், அவன் பிறந்தபோதே நட்சத்திரம் ஏதோ சொல்லியிருக்கும், ஒரு கிழவர் வந்து வாளைக் கொடுப்பார், பிறகு ஐந்நூறு பக்கத்துக்கு எல்லாரும் மலையேறுவார்கள். மனிதர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றும். ஆனால் அந்த நாட்களில் நான் எதையாவது பிடித்துக்கொண்டாக வேண்டிய நிலைமையில் இருந்தேன்.

தீபாவளி முடிந்த கையோடு அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டார். ஹாலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டீயில் சீனி போதவில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். எல்லாரும் பெருமூச்சு விட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். என்னால்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த நடை எனக்குள் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்ப்பேன். அப்பா மதியம் கண்ணயர்ந்தால் பக்கத்தில் போய் மார்பு ஏறி இறங்குகிறதா என்று நிற்பேன். கைப்பேசியைத் திறப்பேன், மூடுவேன். கொண்டையை அவிழ்ப்பேன், மறுபடி முடிவேன். கால் தரையில் நிற்காது.

அந்த நிலைமையில்தான் ஆள் வராத ஒரு மத்தியானத்தில் அந்தச் செங்கல்லைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு பெண் துறைமுகச் சந்தையில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தாள். குட்டை. சப்பை மூக்கு. கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. தராசில் ஏமாற்ற வந்த ஒருவனை அவள் திட்டிய திட்டில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளுக்கு நட்சத்திரமும் இல்லை, வாளும் இல்லை. எவரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. கோபம் சட்டென்று வரும், போவதற்கு நேரமாகும். சாப்பிட உட்கார்ந்தால் சத்தம் போட்டுச் சாப்பிடுவாள். எந்தப் பொருளுக்கும் கேட்ட விலையைக் கொடுக்க மனசு வராது. அந்த ஒரே குணத்தால்தான் அவள் மந்திரக்காரியானாள்.

அந்த ஊரில் மந்திரம் என்பது கொடுக்கல் வாங்கல். கடற்சுவரில் படிகள் இறங்கும் இடத்தில் நின்று, என்ன வேண்டும் என்று சொல்லி, அதற்கு என்ன தருவாய் என்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடலுக்குள்ளிருந்து ஒன்று கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் கிடையாது. கொடுப்பது உன்னுடையதாக இருக்க வேண்டும்; இழந்தால் உனக்கு உறைக்கவும் வேண்டும். இந்த இரண்டுதான் சட்டம். மற்றவர்கள் கடல் கேட்டதைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வீடு திரும்பினார்கள். இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேரம் பேசினாள். கண்பார்வையா? ஒரு பூட்டைத் திறக்கவா? உனக்கே அடுக்குமா? ஒரு மழைக்காலம் முடியும்வரை என் நாக்கிலிருந்து இனிப்பை எடுத்துக்கொள், அதற்குமேல் பேசாதே.

பூட்டு திறந்துகொண்டது. நான் அந்த இனிப்பை மறந்தே போனேன். எழுதியவர் மறக்கவில்லை. வெகுதூரம் தாண்டி, அவளுடைய தோழியின் கல்யாணத்தில் எல்லாரும் சர்பத் குடித்துக் கூத்தாடும்போது, இவள் மட்டும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடிப்பதுபோல் குடிக்கிறாள். ஒரே வரிதான். நான் பின்னால் போய்ப் பூட்டு திறந்த பக்கத்தைத் தேடி எடுத்தேன். இன்னொரு தடவை சீழ்க்கையடிக்கும் திறமையைக் கொடுத்து ஒரு குழந்தையின் காய்ச்சலை வாங்கினாள். மலிவாய் முடித்துவிட்டாளே என்று நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். பிறகு காவலர்கள் துரத்த, எதிர்க்கரைப் படகைக் கூப்பிட உதட்டைக் குவிக்கிறாள்; வெறும் காற்று வருகிறது. அந்த இடத்தில்தான் முதல் தடவை ஜெட்டிவரை போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் தலை அம்மாவுக்குச் சொந்தம். எனக்கு முப்பது தாண்டிவிட்டது, இருந்தாலும் அது மாறவில்லை. நான் தரையில் உட்கார, அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் பின்னால் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். என் முகத்தைப் பற்றி யாரும் நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னதில்லை. முடியைப் பற்றிச் சொல்வார்கள். பின்னல் இடுப்புக்குக் கீழே வரும், என் கையால் முழுதாகப் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் தெரியாத டீச்சருக்கும் பின்னல் தெரியும். ஹோட்டலுக்கு வருகிறவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு அதைத்தான் பார்ப்பார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. வேறு எதுவும் இல்லாதவளுக்கு நிறையவே இருக்கிறது.

அம்மாவுக்கு முடி கொட்டிப்போய் வருஷங்களாகிவிட்டன. உச்சியில் தோல் தெரியும். அதை வெளியாள் எவரும் பார்த்துவிடக் கூடாது. மிச்சமிருக்கும் முடியை இழுத்து வாரி, பின்னால் சவுரி வைத்துக் கொண்டை போட்டுக்கொள்வார். கேஸ் தோங், அதாவது சிலிண்டர், கொண்டுவரும் ஆள் கதவைத் தட்டினாலும், "இருலா, வரேன்" என்று கத்திவிட்டு, சவுரியைச் செருகிய பிறகுதான் திறப்பார். அந்தச் சவுரி கடையில் வாங்கியதில்லை. சின்ன வயதிலிருந்தே என் தலையை வாரும்போது சீப்பில் சிக்கியதையெல்லாம் விரலில் சுருட்டி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்தார். டின் நிறைந்ததும், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அத்தையிடம் கொடுத்து, சவுரி கட்டத் தெரிந்த ஒருவரைக் கொண்டு கட்டி வாங்கினார். அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். மற்ற எல்லாவற்றையும் எங்கே வைத்தோம் என்று தேடுகிற வீட்டில், அது மட்டும் தொலைந்ததே இல்லை.

"என்ன புக்கு அது, செங்கல்லு மாதிரி? பரீட்சை எதுக்கும் படிக்கிறியா?" என்று அம்மா கேட்டார்.

"கதைமா. மந்திரக் கதை."

"இந்த வயசுலயா?"

எனக்குச் சுருக்கென்றது. அவரைச் சீண்டுவதற்காகத்தான் சொல்லத் தொடங்கினேன். மீன்காரி, கடற்படி, பூட்டு, இனிப்பு. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் நான் சொன்னதுதான் கதை. பின்னலுக்கு நடுவில் அவர் கை நின்றுவிட்டது.

"கேட்டத ஒடனே குடுக்கலல்ல? அது சரி. மொதல்லயே குடுத்தா அடுத்த தடவ கூடக் கேக்கும்."

"கடலுமா அது."

"எதுவா இருந்தா என்ன? விக்கறவன் விக்கறவன்தான்."

அம்மா பசாரில் மீன் வாங்குவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். முதலில் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அதன் குலத்தையே பழிப்பார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். மீன்கடைச் சீனர் கூப்பிடும்வரை திரும்பமாட்டார். கூப்பிட்ட பிறகும் காது கேளாதவரைப் போல இன்னும் கொஞ்சம் நடப்பார். அந்தச் சீனருக்கும் இது தெரியும். அம்மா வராத நாளில் என்னிடம் விசாரிப்பார்.

அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து சொன்னார்: "கடல்கிட்டயே பேரமா? உங்கம்மாவுக்குன்னே எழுதிருக்கான்லா."

அதன்பிறகு ஞாயிறுவரை பொறுக்க அம்மாவால் முடியவில்லை. நான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அந்தப் புள்ள என்ன ஆனா?" என்பார். நான் படித்திருக்காவிட்டால் கோபித்துக்கொள்வார். ஆகவே நான் பஸ்ஸில் படித்தேன், சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், முன்மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு படித்தேன். அவள் அடுத்ததாக எதைக் கொடுக்கப் போகிறாள் என்ற பதைப்பு எனக்கும் இருந்தது. ஆனால் அது சுகமான பதைப்பு. ஆஸ்பத்திரிப் பதைப்பை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தோம்.

ஒரு மழை ஞாயிற்றில் அம்மா வழக்கத்தைவிட அதிக நேரம் எண்ணெய் தேய்த்தார். பின்னி முடித்தும் பின்னலை விடாமல் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஏந்திக்கொண்டிருந்தார்.

"நல்லா தேச்சுக்க. இன்னும் கொஞ்ச நாளுதான."

"எதுக்குமா கொஞ்ச நாளு?"

 நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் கண்ணைப் பார்க்காமல், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் நான் மொட்டை அடித்துக்கொள்வதாக வேண்டியிருப்பதைச் சொன்னார். அப்பாவை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, அந்த வராந்தாவில் நின்று வேண்டியது. என் பொண்ணு முடியைத் தருகிறேன், இவரைத் திருப்பிக் கொடு. அவர் திரும்பி வந்துவிட்டார். சாமி தன் பங்கைச் செய்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அங்க நின்னுகிட்டு உன்னயத் தேடுவேனா? நீ ரத்தத்துக்குக் கையெழுத்துப் போட கீழ போயிருந்த."

"என் முடிமா அது!"

"உன் முடியா? யாரு எண்ணெ வச்சது? யாரு பேன் பாத்தது? நீ ஒரு நாளு வாரிருப்பியா? அது போனா உன்னயவிட எனக்குத்தான் வயிறு எரியும்."

அம்மா சொன்னது உண்மைதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. "அப்ப உங்க முடியக் குடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாவின் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. அன்றைக்கு வீட்டில்தானே இருக்கிறோம் என்று சவுரி வைத்திருக்கவில்லை. "இதயா?" என்றார். "இத எப்படி சாமிக்குக் குடுக்கறது? வீட்டுல இருக்கறதுலேயே நல்லதத்தான குடுக்கணும்."

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இதுபற்றி எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது என்று அம்மா விரலை உதட்டில் வைத்தார். அதனால் எங்கள் சண்டை முழுவதும் முணுமுணுப்பாகவே நடந்தது.

நான் அந்த மீன்காரியின் பள்ளியில் படித்தவள் அல்லவா? பேரம் பேசிப் பார்த்தேன். பூமுடி கொடுக்கிறேன் என்றேன். பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் காணிக்கையாகப் போட்டுவிட்டால் ஆயிற்று. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொட்டைன்னு சொல்லிட்டுப் பூமுடியா? டாக்டர் உங்கப்பா நெஞ்ச நுனியில மட்டுமா வெட்டுனாரு?"

அத்தைக்கும் போனில் சொல்லியாகிவிட்டதாம். அத்தைக்குத் தெரிந்தால் புக்கிட் மெர்தாஜாம் முழுவதற்கும் தெரிந்த மாதிரி. இனிப் பின்வாங்க முடியாது.

அன்றிலிருந்து நான் வீட்டில் கதை சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே தலை வாரிக்கொண்டேன். சிக்கெடுக்கத் தெரியாமல் பிய்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி நடை மறுபடி காலுக்கு வந்துவிட்டது. முன்மேசையில் யாராவது என் முடியைப் பார்த்தால் எரிந்து விழவேண்டும்போல் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பின்னலை மறைத்து, காதுகளை மட்டும் பார்ப்பேன். காதுகள் பெரியவை. எனக்கு அழுகை வந்தது. மொட்டை அடித்தால் முளைக்கும் என்று எல்லாரையும் போல எனக்கும் தெரியும். எத்தனையோ பெண்கள் சந்தனம் பூசிய தலையோடு பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கொடுத்தார்கள். என்னுடையதை வேறொருவர் கொடுத்துவிட்டார். அதுதான் நெஞ்சை அறுத்தது. மீன்காரியாக இருந்தால் விடுவாளா என்று நினைத்துக்கொண்டே புத்தகத்தை வெறியோடு படித்தேன்.

அவளுக்கும் அதே வந்து சேர்ந்தது. ஹோட்டலின் பின்படியில் உட்கார்ந்து, மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஆறிக்கொண்டிருக்கும்போது படித்தேன். அவளை வளர்த்த சித்தி, வெள்ளம் தெருவுக்குள் ஏறிய நாளில், பயத்தில் கடற்படிக்கு ஓடி, மீன்காரியின் வலது கையின் பலத்தைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறாள். தராசு பிடிக்கும் கை. வெள்ளம் வடிந்துவிடுகிறது. அவள் கொதித்துப் போய்க் கடலிடம் கேட்கிறாள்: அது என்னுடையது, அவளுடையது அல்லவே, உன் சட்டப்படியே அது செல்லாதே? கடல் சொல்கிறது: செல்லாதுதான். உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வாங்கியவள் அவள். உரியவள் மனசோடு வந்து தரும்வரை, வாக்குக் கொடுத்தவளே பிணை. மீன்காரி வீட்டுக்கு ஓடுகிறாள். சித்தியின் விரல்கள் ஒவ்வொன்றாய்க் குளிர்ந்துகொண்டிருக்கின்றன.

புத்தகத்தை மூடிவிட்டேன். கொண்டுபோய் அலமாரியில் செருகினேன். வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, வேலை முடிவதற்குள் திரும்பப் போய் எடுத்துப் பைக்குள் வைத்தேன். ஆனால் திறக்கவில்லை. அன்று மாலை அம்மா அடுப்படியில் ஒரு கிளாசைக் கீழே போட்டார். எப்போதும் போடுகிறவர்தான். நான் குதித்து எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"என்ன பண்ற? கண்ணாடி குத்தப் போவுது, தள்ளு."

கை சூடாகத்தான் இருந்தது. படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், ஒரு கதைப் புத்தகத்தை நம்பி அம்மாவின் விரல்களைத் தடவிக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். கூட்டிப் பெருக்கி முடித்த பிறகு, பல நாட்கள் கழித்து முதல் தடவையாக, "அந்தப் புள்ள என்ன ஆனா?" என்று கேட்டார்.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சித்தி செத்தாள் என்று சொல்லி அவரைப் பயமுறுத்தியிருக்கலாம். அல்லது கடல் மன்னித்துவிட்டது என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அந்தப் பெண்ணின் கதையைத் திரித்துச் சொன்னால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள்போல் இருந்தது. உள்ளபடியே சொன்னேன்.

அம்மா துடைப்பத்தை மூலையில் சாய்த்தார். "அந்தச் சித்தி கெட்டவளா?"

"இல்லமா. பயந்துட்டா."

"பயத்துல பேசுனா வெல கூடத்தான் போவும்," என்றார் அம்மா. "அப்பறம்?"

"இன்னும் படிக்கல."

"சரி. பூசம் முடியட்டும். அதுக்கப்பறம் படி."

நான் அதற்குள் முடிவெடுத்துவிட்டேன். கொடுத்துவிடுவது என்று. பக்தியில் இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அது வெறும் சளிக்காய்ச்சலாக இருந்தாலும், வாழ்நாள் முழுக்க என் முடியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பயத்தில்தான். மனசோடு தரவேண்டும் என்று கடல் சொன்னது நினைவிருந்தது. மனசுக்கு எங்கே போவது? பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பதையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

தைப்பூசத்தன்று விடியற்காலையிலேயே நானும் அம்மாவும் கிளம்பினோம். அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தோம். நான் தலைக்குக் குளித்து முடியை விரித்துவிட்டிருந்தேன். அம்மா மஞ்சள் புடவை, சவுரி வைத்த கொண்டை, அதைச் சுற்றி மல்லிகை. தண்ணீர்ப் பந்தல்களிலிருந்து பாட்டுகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு கேட்டன. காவடிக்கு வழி விட்டு ஒதுங்கி, தேங்காய்ச் சில்லுகளை மிதிக்காமல் தாண்டி, முடி இறக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். வரிசையாக நாற்காலிகள், தண்ணீர் வாளிகள், ஈரத்தில் ஒட்டிக்கிடந்த முடி. நான் என் முடியை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். என் முறை வந்தபோது முன்னால் நகர்ந்தேன்.

அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினார். "நீ இங்கயே நில்லு."

என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தலையில் கையைவிட்டு ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மல்லிகை அவிழ்ந்தது. சவுரியை உருவி எடுத்தார். கேஸ் தோங் ஆளுக்குக்கூடக் காட்டாத அந்தத் தலை, வெயிலில், எல்லார் முன்னாலும் தெரிந்தது. சவுரியைக் கொண்டுவந்திருந்த வெற்றிலைத் தட்டில் வைத்து, மலையைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். பசாரில் மீன்கடை முன்னால் நிற்கும் அதே நிற்பு.

"முருகா, எம் பொண்ணு முடியத் தரேன்னு சொன்னேன். இந்தா. இது அவ முடிதான். சின்னப் புள்ளையில இருந்து உதுந்ததெல்லாம் இதுல இருக்கு. அவ தலையில இருக்கறது அவளோடது, அத நான் பேசுனது தப்பு. எடை கொறையுதுன்னு சொல்லுவ. தெரியும். கொறையறதுக்கு என்னோடத வச்சுக்க. கொஞ்சந்தான் இருக்கு, ஆனா இது போனா எனக்குத் திரும்ப வராது, அது உனக்கே தெரியும். இதுக்கு மேல கேக்காத."

முடி இறக்கும் அண்ணன் கத்தியைப் பிடித்தபடி விழித்தார். "சவுரியெல்லாம் வாங்கறதில்லம்மா."

"ஒங்கிட்ட யாரு குடுத்தா? இது அவனுக்கும் எனக்கும். நீ செரைக்கிற வேலையப் பாரு."

நான் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். "மா, வேணாம்மா. நான் வந்துட்டேன்ல? நானே குடுக்கறேன்மா."

"மூஞ்சியப் பாரு. இந்த மூஞ்சியோட குடுத்தா யாரு வாங்குவா?" என்று சொல்லிவிட்டு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கை தண்ணீர்தான் தெளித்தார்கள். சிரைப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மலைப்படி ஏறும்போது என் முடி முதுகில் கனத்தது. சந்தனம் பூசிய சின்னத் தலை எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவின் காதுகளும் பெரியவை என்று அப்போதுதான் பார்த்தேன். அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொள்ளவேண்டும் போலவும், பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். வேண்டுதல் கதையை அம்மா சுருக்கமாகச் சொன்னார். அப்பா சிரிக்கத் தொடங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதலா, தையல் இன்னும் இழுக்குது." பிறகு சிரிப்பு நின்று, கையை நீட்டி அந்தச் சந்தனத் தலையைத் தொட்டார். எங்கள் வீட்டில் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்து நான் அறிந்ததில்லை. அறைக்குள் போய்விட்டேன். கதவுக்குப் பின்னால் ஆணி வெறுமையாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா சில நாட்கள் வெளியே போகவில்லை. பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பசாருக்குப் போனார். பின்னால் நான் போனேன். மீன்கடைச் சீனர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மா கேட்கும் முன்னாலேயே விலையைக் குறைத்துச் சொன்னார். அம்மாவுக்கு மகா கோபம். எடுத்த மீனைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்துவிட்டார். அவர் கூப்பிட்டும் அன்றைக்குத் திரும்பவே இல்லை.

அந்த வாரம்தான் புத்தகத்தைத் திறந்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் நானே கொண்டுபோய் அம்மாவின் நாற்காலி பக்கத்தில் வைத்துத் தரையில் உட்கார்ந்தேன். அம்மா உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டார். விரல்கள் தலையில் இறங்கின. சூடாக இருந்தன.

"அப்பறம்? சித்திக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். அந்தப் பெண் கடற்படியில் நின்று, சித்தியை விடு, என்னிடம் பேசு என்றாள். பேரம் பேசி வலது கையை இடது கையாகக் குறைத்தாள், இடது கையைச் சுண்டுவிரலாக்கினாள். கடல் அதற்கெல்லாம் மசியவில்லை. கடைசியில் அது கேட்டது வேறு. இவ்வளவு நாளும் எதை வைத்துக்கொண்டு என்னை ஏய்த்தாயோ, அந்தப் பேரம் பேசும் வாயைக் கொடு என்றது. அவள் கொடுத்துவிட்டாள். சித்தியின் விரல்களுக்குச் சூடு வந்தது. கடைசிப் பக்கத்தில் அவள் சந்தைக்குப் போகிறாள். மீன்காரன் ஒரு விலை சொல்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள். பிறகு சொன்ன விலையை எண்ணி வைத்துவிட்டு, மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். அவ்வளவுதான் கதை.

அம்மாவின் கை நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பாவி. எதக் குடுத்தாலும் அத மட்டும் குடுத்திருக்கக் கூடாது."

அப்பா நாற்காலியிலிருந்து, "வேற என்னலா குடுப்பா?" என்றார்.

"ஒங்களுக்கு என்னா தெரியும்?" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வாரத் தொடங்கினார். பின்னி முடித்ததும் எழுந்து போய், அந்தப் பழைய பிஸ்கட் டின்னை எடுத்துவந்து மூடியைத் திறந்தார். காலியாக இருந்தது. சீப்பில் சிக்கியிருந்ததை உருவி, விரலில் சுருட்டி, உள்ளே போட்டார். டின்னின் அடியில் அது ஒரு மூலையில் கிடந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். முன்பு அந்த டின் நிறைவதற்கு எத்தனை வருஷம் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் வயதும் எனக்குத் தெரியும்.

"மா, பின்னல் சரியா வரல," என்றேன். "அவுத்துட்டு இன்னொரு தடவ வாருங்க. நல்லா அழுத்தி வாருங்க."